வளைகாப்பில் கேட்ட சத்தம்

"காலையிலேருந்து பேபி அசையவே இல்லைங்க."

பட்டுப்புடவை மடிப்பைப் பிடித்தபடி நிரஞ்சனா மறுபடியும் சொன்னாள். கணவன் ரமணன் கண்ணாடி முன்னால் ஜிப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குத் தைத்த ஜிப்பா. தொப்பை இடம் கொடுத்தால்தானே கடைசிப் பட்டனைப் போட முடியும்!

"தூங்கும் லா. நைட் பூரா நீ புரண்டுக்கிட்டே இருந்தா அது எப்படித் தூங்கும்? இப்பதான் தூங்குது."

"ஜில்லுன்னு தண்ணி குடிச்சுப் பாத்தேன். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தும் பாத்தேன். ஒண்ணுமே தெரியலைங்க. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமே?"

"இன்னைக்கா? ஹால்ல அத்தனை பேரு உக்காந்திருக்காங்க நிரூ!"

அதுவும் உண்மைதான். சிங்கப்பூர் தோ பாயோவின் அந்த நாலறை வீட்டில் கால் வைக்க இடமில்லை. தேக்கா கடைத்தெருவில் மாமியார் ரத்தினம்மா பார்த்துப் பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல்கள் தாம்பாளத்தில் காத்திருந்தன. எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் மூடி திறக்காமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஒன்பதாம் மாத வளைகாப்பை விட்டுவிட்டு, வளைகாப்புக்காரியே கிளம்பிப் போவதா?

ஆனால் நிரஞ்சனாவின் பயம் சும்மா வந்த பயம் இல்லை. அவள் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. அவள் வகுப்பு ரித்திக்குக்கு ஆறு வயது. பிரசவ நேரத்தில் அவன் இதயத்துடிப்பு இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் போய்விட்டது. இன்றைக்கும் யாராவது தாங்கிப் பிடித்தால்தான் அவன் தலை நிற்கும்.

"ரித்திக்கோட அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? அன்னைக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு டீச்சர், எல்லாம் ஓகேன்னு ஆஸ்பத்திரியில சொன்னதும் நானும் பேசாம இருந்துட்டேன்னு..."

"ஆரம்பிச்சுட்டியா! நாள் பூரா அந்தப் பிள்ளைங்களையே பாத்துப் பாத்து உனக்கு எதைக் கண்டாலும் பயம்."

கதவைத் தள்ளிக்கொண்டு ரத்தினம்மா வந்தாள். "என்னம்மா இன்னும்? நல்ல நேரம் போகுது."

"பேபி அசையல அத்தை."

"அட, வளையல் எதுக்குப் போடுறோம்? அந்தச் சத்தம் கேட்டதும் உள்ள இருக்கிறது தானா துள்ளும் பாரு. வா, வா."

"இரும்மா, அவளுக்கு நிம்மதியா இருக்கட்டும்" என்று ரமணன் டிராயரைத் திறந்தான். வயிற்றில் வைத்தால் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வைக்கும் சின்ன மெஷின், ஆன்லைனில் வாங்கியது. அதோடு வந்த ஜெல் பசையைத் தடவி அவள் வயிற்றில் வைத்து, இப்படியும் அப்படியும் நகர்த்தினான்.

டப்... டப்... டப்...

"கேட்டியா? கில்லி மாதிரி இருக்கான்!"

"டாக்டர் வெச்சப்ப குதிரை ஓடுற மாதிரி வேகமாக் கேட்டுச்சே. இது மெதுவா இருக்குங்க."

"தூங்குதுல்ல? தூங்குறப்ப மெதுவாத்தான் அடிக்கும்."

நிரஞ்சனா புடவையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கும் அதை நம்பத்தான் ஆசை.

கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். ஒவ்வொருத்தியாக வந்து வளையல் போட்டார்கள். ஒவ்வொரு வளையலுக்கும் நிரஞ்சனா உள்ளே ஓர் உதையை எதிர்பார்த்தாள். முழங்கைவரை வளையல் ஏறிவிட்டது. வயிறு கல்லாகக் கிடந்தது.

"ஏன்மா முகம் இப்படி வாடிப்போச்சு?" என்றாள் ஃபேரர் பார்க்கிலிருந்து வந்திருந்த சித்தி லட்சுமி.

"குழந்தை அசையலன்னு பயப்படுறா" என்றாள் ரத்தினம்மா.

"நீங்களே கேளுங்க சித்தி!" ரமணன் ஓடிப்போய் மெஷினை எடுத்து வந்து சத்தத்தைக் கூட்டினான். பெண்கள் சூழ்ந்து மறைத்துக்கொள்ள, ரத்தினம்மாவே புடவையை விலக்கி மருமகள் வயிற்றில் வைத்தாள்.

டப்... டப்... டப்...

கூடம் முழுக்கக் கேட்டது. கைதட்டினார்கள். லட்சுமி திருஷ்டி கழித்து விரல்களை நெரித்தாள். அத்தனை பேரும் தன்னையே பார்த்ததால் நிரஞ்சனா சிரித்து வைத்தாள். ஆனால் கை மட்டும் வயிற்றை விட்டு நகரவில்லை.

"ஏங்க, சாப்பாடு முடிஞ்சதும் கண்டிப்பாப் போகணும்" என்றாள் மெதுவாக.

"இத்தனை பேரு காதால கேட்டாச்சு, இன்னுமா? நாளைக்குப் போலாம் லா."

அப்போதுதான் ரமணனின் அலுவலக நண்பன் வெங்கட் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். எந்த வீட்டு விசேஷத்திலும் வாய் சும்மா இருக்காத ஆள்.

"ப்ரோ, சிஸ்டரை விட உன் வயிறுதான் பெருசா இருக்கு. உனக்கு இது எத்தனாவது மாசம்?"

ரமணன் விலகுவதற்குள் வெங்கட் மெஷினைப் பிடுங்கி, பட்டன் போடாத ஜிப்பாவுக்குள் விட்டு, தொப்பையில் அழுத்தினான். பசை இன்னும் காயவில்லை. முதலில் கரகரவென்று ஒரு இரைச்சல் வந்தது. பிறகு அதே மெதுவான துடிப்பு தெளிவாகக் கேட்டது.

டப்... டப்... டப்...

வீடே குலுங்கிச் சிரித்தது. "ரத்தினம்மா, உங்களுக்கு ரெண்டு பேரக்குழந்தை லா!" என்று யாரோ கத்தினார்கள்.

ரமணனும் சிரிக்க ஆரம்பித்தான். பாதியிலேயே அவன் முகம் வெளுத்தது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கை வளையலும் சலசலக்க நிரஞ்சனா எழுந்து நின்றாள்.

"அப்ப காலையிலேருந்து என் வயித்துல நாம கேட்டது... யாரோட துடிப்புங்க?"