நடந்தே போகும் மரநாய்

கள்ளுக் கலயத்தில் மூக்கை விட்டால் அடி தெரிகிறவரை எடுக்காத மரநாய் ஒன்று இருந்தது. ஒரு விடியற்காலையில் பனை உச்சியில் அது குடித்து முடித்து மீசையைத் துடைத்தபோது, பக்கத்துக் கலயத்தில் குடித்த வௌவால் தள்ளாடியபடி இறக்கையை விரித்தது.

"நில்லுடா தம்பி!" என்று மரநாய் அதட்டியது. "குடிச்சுட்டுப் பறக்கலாமா? இறக்கையும் ஒரு வண்டிதான். போற வேகத்துல தூக்கணாங்குருவிக் கூட்டுல மோதினா, உன்னோட சேர்ந்து அந்தக் குஞ்சுகளும் சாகுமே!"

வௌவாலுக்கு உறைத்தது. "அப்ப நீங்க எப்படிண்ணே போவீங்க?"

"நான் என்னைக்குமே நடைதான். எவ்வளவு குடிச்சாலும் கால் தரையிலேயே இருக்கும். நடக்கிறவனுக்கு என்னடா ஆபத்து?"

"அப்ப தெளியிற வரைக்கும் நான் இங்கேயே தொங்குறேண்ணே" என்று வௌவால் மட்டையில் தலைகீழாகத் தொங்கிக் கண்ணை மூடியது.

ஒரு குடிகாரனைத் திருத்திவிட்ட பெருமையில் மரநாய்க்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு ராஜநடையாக வீட்டைப் பார்த்துக் கிளம்பியது. முதல் அடியை மட்டையில் வைத்தது. இரண்டாவது அடிக்கு மட்டை இல்லை.

சத்தம் கேட்டு விழித்த வௌவால், "அண்ணே, என்ன ஆச்சு?" என்று கத்தியது.

கீழே கருவேல முள்ளுக்குள் கிடந்த மரநாய்க்குத் தன்னை நினைத்துத் தனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டுச் சொன்னது: "ஒண்ணுமில்லடா. நல்லவேளை, நடந்து வந்தேன். பறந்து வந்திருந்தா விழுந்திருப்பேன்!"