பெயர் கொடுத்தவர்

“இந்தப் பேரை எழுதின கையை வெட்டணும்!”

பண்டிதர் முனெயாசு விசிறியால் தரையில் ஓங்கித் தட்டினார். சபையில் இருந்த பிரபுக்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

தலைநகரில் அம்மை பரவிக்கொண்டிருந்தது. வருஷங்களை எண்ணப் பயன்படும் நடப்பு யுகத்தின் பெயர் ராசியில்லை, மாற்றிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. பண்டிதர்கள் எழுதிக் கொடுத்ததில் இரண்டு பெயர்கள் மிஞ்சியிருந்தன: ‘நீண்ட ஒளி’, ‘ஆழ்ந்த அமைதி’.

“ஒளியாம் ஒளி! ஒளின்னா நெருப்பு. போன மாசம் கிழக்கு வீதி எரிஞ்ச சூடே இன்னும் ஆறல. இதே பேரை வச்ச சீன ராஜா மூணாம் வருஷமே நாட்டை விட்டு ஓடிட்டான்!”

மூத்த மந்திரி குழம்பினார். “முனெயாசு, ‘நீண்ட ஒளி’ நீர் எழுதிக் கொடுத்த பேராச்சே?”

“ஆமா. என் கையைத்தான் சொல்றேன்.”

எதிரே இருந்த ஹிரொசுமியின் முகம் சுருங்கியது. ‘ஆழ்ந்த அமைதி’ அவர் கொடுத்தது. முனெயாசுவுக்கு வர வேண்டிய தலைமைப் பண்டிதர் பதவியை அவர் தட்டிப் பறித்த நாளிலிருந்து இருவருக்கும் ஆகாது.

“வந்ததே லேட்டு. அந்தப்புரத்துல பொண்டாட்டியைப் பாக்கப் போயிருந்தானாம். புத்தியை அங்கேயே விட்டுட்டு வந்துட்டான் போல,” என்றார் ஹிரொசுமி, எல்லோர் காதிலும் விழும்படி. முனெயாசுவின் மனைவி, குழந்தைச் சக்கரவர்த்திக்குப் பால் கொடுக்கும் தாதி.

முனெயாசு அதைக் காதில் வாங்கவில்லை. “இந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா ‘ஆழ்ந்த அமைதி’யில ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அதையே வைங்க.”

மந்திரி ஹிரொசுமியின் பக்கம் திரும்பினார். “நல்லா யோசிச்சுக்கும். சக்கரவர்த்தியைக் காப்பாத்தத்தான் இந்தப் பேர். அவர் மேல ஒரு அம்மை முத்து போட்டாலும் பேர் கொடுத்தவர்தான் பதில் சொல்லணும். போன பேரைக் கொடுத்தவரை நாடு கடத்தியாச்சு, இப்போ சாடோ தீவுல மீன் காயவச்சிட்டு இருக்கார்.”

“என் பேர் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு!” ஹிரொசுமி நெஞ்சை நிமிர்த்தினார்.

முத்திரை விழுந்தது. புதுப் பெயரை அறிவித்து, ஹிரொசுமிக்குப் பட்டு அங்கி போர்த்தினார்கள்.

தாழ்வாரத்தில் அவர் முனெயாசுவை வழிமறித்தார். “இனிமே நான் வச்ச பேரைச் சொல்லித்தான்டா நீ வருஷம் எண்ணணும். உன் பேரன் பொறந்தாலும் சரி, நீயே செத்தாலும் சரி.”

“எண்ணுறேன்.”

“அது சரி, நீ எழுதிக் கொடுத்த பேரையே ஏன்டா கொன்ன?”

முனெயாசு அவருடைய அங்கியின் சுருக்கத்தை நீவிவிட்டார். “நல்ல கனமான பட்டு. பத்திரமா வச்சுக்க. சாடோவுல குளிர் ஜாஸ்தி.”

“என்னடா உளர்ற?”

“சக்கரவர்த்திக்கு விடியக்காலையே முத்து போட்டாச்சு.”