பத்து நாள் வெங்காயம்

மரகதத்தின் புருவ எலும்புக்கு அடியில், வெளிச்சம் எட்டாத குழியில், கண்ணீர்ச் சுரப்பி தனியாகக் குடியிருந்தது. கீழே இருக்கும் விழி கேட்டால் தண்ணீர் அனுப்பும். எதற்கென்று எட்டிப் பார்க்க வழியில்லை.

"என்னக்கா ஆச்சு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்.

"ஒண்ணுமில்ல, மரகதம் வெங்காயம் நறுக்குறா" என்று விழி பேச்சை முடித்துவிடும்.

பத்து நாளாக இதே வெங்காயம்தான். இன்று மத்தியானமும் விழி அதையே சொன்னபோது சுரப்பிக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியாதுதான். ஆனா நான் அனுப்புற தண்ணி கன்னத்துல இறங்காம காதுப் பக்கம் ஓடுறது தெரியாதாக்கா? படுத்துக்கிட்டா நறுக்குறா?"

விழி பக்கத்துத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் உறை பத்து நாளாகக் கசங்கவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் அனுப்பு" என்றது.