தலையாட்டும் மெஷின்

போர்க்காலத்தில் சனத்தை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் காட்டி ஆமிக்காரர், போராளிகளை அடையாளம் காட்டவென்று செய்த மெஷினிடம் "இவனோ?" என்று கேட்பார்கள். அது தலையாட்டினால் ஆளை ட்ரக்கில் ஏற்றுவார்கள். நேசமலரின் தம்பியும் அப்படித்தான் போனான். போர் முடிந்ததும் அதே மெஷின்களைச் சமையலுக்குப் பழக்கி, வீட்டுக்கொன்று நிவாரணமாகக் கொடுத்தார்கள்.

"குழம்புக்கு உப்புக் காணுமோ?"

தலையாட்டியது. உப்புப் போதாமல் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை.

"நான் மெலிஞ்சிட்டனோ?"

அதற்கும் ஆட்டியது. அந்த விஷயத்தில் நேசமலருக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை.

உப்புக்காகத்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"பழுதில்லை அக்கா. இதுக்கு இல்லையெண்டு தலையாட்டவே வராது. செய்யேக்கையே அப்பிடித்தான் செய்திருக்கினம்."

நேசமலர் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப என்ரை தம்பி ஒண்டும் செய்யேல்லையோ?"

மெஷின் தலையாட்டியது.