பாதிப் புத்தகம்

தம்பி பிள்ளைக்கு அக்காதான் பெயர் வைக்க வேண்டும். தோங்கா தீவுகளில் அதற்கு அப்பீல் கிடையாது. ஃபுசி ஒரு பழைய நாவலின் கதாநாயகி பெயரைச் சொன்னதோடு நிற்காமல், அந்தப் புத்தகத்தையும் தம்பி மனைவி செய்னியின் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. வியாழனன்றே செய்னி மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஃபுசி பாய் பின்னிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, பிள்ளைக்கு இந்தப் பேரு வேண்டாம்!”

“ஏன்டி?”

“முதல்ல அந்தக் கதாநாயகியைத் திமிர் பிடிச்சவள்னு நினைச்சேன். அப்புறம் பாவமா இருந்துச்சு. இப்ப பயமா இருக்கு. புருஷனை விட்டுட்டுப் படியிறங்கிட்டா அண்ணி! அதுக்கு மேல பக்கமே இல்ல, யாரோ கிழிச்சிருக்காங்க. சொல்லுங்க, அவ பிழைச்சாளா?”

“பேரு வேண்டாம்னு வந்தியா, கதை கேட்க வந்தியா?”

செய்னி சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஃபுசி புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்க, அடையாளத்துக்கு வைத்திருந்த சீட்டு பாயில் விழுந்தது. நாளைக்குக் கிளம்பும் கப்பலின் டிக்கெட். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் மட்டும்.

செய்னி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். “உங்க தம்பிகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. கொன்னே போட்டுடுவாரு!”

வீட்டுக்குள்ளிருந்து ஃபுசியின் கணவன் உறுமினான். அவள் தோள்கள் தாமாகவே குறுகின. டிக்கெட்டைப் பழையபடி புத்தகத்துக்குள் செருகினாள்.

“கிழிச்சது நான்தான்,” என்றாள் தாழ்ந்த குரலில். “அந்தக் காலத்துல நான் அதைக் கடைசிவரைக்கும் படிச்சுட்டேன். அதான் இன்னும் இங்கேயே கிடக்கேன். நீ பாதியோட கிளம்பு.”