நாத்தனாருக்கு ஒரு நல்ல காபி

"இதுக்குப் பேரு காபியா? பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்று டம்ளரைத் தள்ளி வைத்தாள் நாத்தனார்.

தம்பி மனைவி அந்த டம்ளரை எடுத்துக்கொண்டாள். பதிலுக்குப் பேசுகிற தெம்பு அவளுக்கு எங்கே இருக்கிறது? ஏழாம் மாதமே பிறந்த பிள்ளை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வராமலே போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு மாதமாக அவளுக்குக் கட்டிலும் சுவரும்தான் உலகம். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், குளி என்றால் குளிப்பாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பாள்.

ஒத்தாசையாக இருக்கட்டும் என்று கணவன் தன் அக்காவை வரவழைத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். வந்தவள் பெட்டியை இறக்கி வைத்த கையோடு, படுத்திருந்தவளை எழுப்பி, "ஒரு காபி போட்டுக் குடு" என்றாள்.

"நான் போடறேன்க்கா. அவ படுத்துக்கட்டும்" என்றான் தம்பி.

"உன் காபியை மனுஷன் குடிப்பானா? நீ ஆபீசுக்குக் கிளம்பற வழியப் பாரு."

மறுநாள் பொடியில் குற்றம். "எந்தக் காலத்துல அரைச்சது இது? வாசனையே இல்ல. தெருமுனையில காபிக்கொட்டை வறுக்கிறானே, போயி வாங்கிட்டு வா. நீயே போ."

கலைந்த தலையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வெயில் மேலே பட்டதும் கண் கூசியது. எதிர்வீட்டுக்காரி இவளைப் பார்த்ததும் இடுப்பில் இருந்த குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவப்பட்டாளோ, பயந்தாளோ.

அதற்கப்புறம் தினமும் ஒரு குற்றம். "மாவா அரைச்சு வெச்சிருக்கியே. கை மெஷின்ல போட்டுச் சுத்து, மணல் பதத்துக்கு வரணும்."

"தண்ணியக் கொதிக்கக் கொதிக்க ஊத்தினா கசக்கத்தான் செய்யும். கொஞ்சம் ஆறட்டும். மொதல்ல பொடி நனையற அளவுக்கு ஊத்து. அது பொங்கி அடங்கினதும் மிச்சத்தை ஊத்து."

"டம்ளரை வெந்நீர்ல அலசினியா? சில்லுனு இருந்தா காபி செத்துடும்."

அந்த வீட்டில் இரண்டு மாதமாக யாரும் வாயில் எடுக்காத வார்த்தை அது. நாத்தனார் கூசாமல் சொன்னாள்.

ஒரு நாள் கொட்டையை அரைக்கும்போது கிளம்பிய வாசனையில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. குடித்து முடித்த பிறகுதான், இவ்வளவு நேரம் பிள்ளை ஞாபகமே வரவில்லையே என்று உறைத்தது. எனக்குக் காபி ஒரு கேடா என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், நாத்தனார் காலி டம்ளரை நீட்டினாள். "பரவாயில்ல. ஆனா கசப்பு இன்னும் போகல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளும் ரெண்டு பெத்தவள்தானே? பறிகொடுத்தவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு கசப்பைப் பற்றிப் பேச எப்படி நாக்கு வருகிறது? ராத்திரி பூராவும் மனசுக்குள் நாத்தனாரைத் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் யாரும் சொல்லாமலே எழுந்தாள். கொட்டையை அரைத்தாள், தண்ணீரை ஆறவிட்டாள், டம்ளரை அலசினாள். எல்லாம் முறைப்படி செய்துவிட்டு, சர்க்கரைக்குப் பதிலாக ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய் வைத்தாள். குடிக்கட்டும். துப்பட்டும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரட்டும்.

நாத்தனார் ஒரு வாய் குடித்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிதானமாக, அடிவரைக்கும் குடித்து முடித்தாள்.

"இன்னைக்குத்தான் காபி நல்லா இருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. "அக்கா, அதுல... அதுல உப்பைப் போட்டிருந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

நாத்தனார் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்படியே கண்ணையும்.

"வந்த அன்னைக்கு நீ பொணமாட்டம் கிடந்த. இன்னைக்கு என்னைப் பழி வாங்கணும்னு தோணுற அளவுக்கு உனக்கு உசிரு வந்திருக்கு. அதை எப்படிடி நான் துப்புவேன்?"