சார் வந்து பார்க்கும் வரை

தங்கச்சி விரலை எடுக்கவில்லை.

கணினித் திரையில் ஆங்கில 'கே' வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெயரின் முதல் எழுத்து. ஏழாவது பக்கமும் நிறையப்போகிறது.

பெயரும் பத்து வரியும் அடிக்க வேண்டும். நேரம் பத்து நிமிடம். எட்டு போய்விட்டது.

தேறினால் மேல்நிலையில் கணினிப் பிரிவு. இல்லாவிட்டால் தையல் கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்து மெஷின். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வீட்டில் மிச்சம் அவள்தான்.

கதவோரம் நின்றிருந்த எனக்கு முதலில் திரை நிறைவது மட்டும் தெரிந்தது. என்ன வேகமாக அடிக்கிறாள் என்று நினைத்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வு அதிகாரி, தாள்களிலிருந்து அப்போதுதான் தலையைத் தூக்கினார். "ஏம்மா, விரலை எடு!"

"எங்க சார் இன்னும் வந்து பாக்கலியே" என்றாள்.

எனக்கு உறைத்தது.

கணினி வகுப்பு என்றால் இவர்களுக்கு அட்டை. புத்தகத்தில் இருந்த விசைப்பலகைப் படத்தை வெட்டி ஒட்டியது. சார் ஓர் எழுத்தைச் சொல்வார். எல்லோரும் அதன்மேல் விரல் வைப்பார்கள். அட்டை எதையும் காட்டாது. அதனால் அவரே மேசை மேசையாக வந்து பார்ப்பார். அதுவரை விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் விரல் முட்டியில் ஸ்கேல்.

மூன்று வருடம். வகுப்பில் அவள்தான் முதல். காலையில் நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு விரல் தலையணையில் அழுந்தியிருக்கும்.

தேர்வு நாளில் சார் உள்ளே வரக் கூடாது என்பது விதி.

மற்ற பதினொரு திரைகளிலும் ஒவ்வோர் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, எல்லா மெஷினுக்கும் ஒரே நாள்ல பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

"எல்லாம் புதுசு சார்."

பொய்யில்லை. பிளாஸ்டிக் உறைகளை இன்று காலை நான்தான் உரித்தேன். வந்து இறங்கிய நாளிலிருந்து பூட்டித்தான் வைத்திருந்தார்கள், பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடுமாம். மூன்று வருடமாக இந்த அறைக்கு இரவுக் காவல் நான். சாவி என் இடுப்பில்.

ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா அண்ணா என்று ஒருநாள் கேட்டாள். ஏதாவது ஆனால் என் வேலை போய்விடும் என்றேன். பிறகு கேட்கவில்லை.

அதிகாரி மணியைத் தட்டினார். பன்னிரண்டு பேரும் விரலை எடுத்தார்கள்.

இந்த மூன்று வருடத்தில் இங்கிருந்து ஒரு வயர்கூடக் காணாமல் போனதில்லை.